தொடாமல் பார்த்துக்கொள்

ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு அவனுக்கு முழுசாகத் திரும்பி நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வாசலில் ஒற்றைக்காலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "ரெனி, சார்ஜ் போட்ருக்கேன், கீழ வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன், சும்மா ஒரு கண்ணு வச்சுக்க, எதையும் தொடாத," கதவு சாத்திய பிறகும் அந்தத் தொடாத மட்டும் வெளியே போகாமல் ஹாலுக்குள்ளேயே நின்றது. ஒரு கண் வைத்துக்கொள்ளவாம். இருக்கிறதே இரண்டு, ஒன்று தூளியில் தூங்குகிற பாப்பாவுக்கு, இன்னொன்று சாப்பாட்டு மேசைமேல் எவர்சில்வர் தட்டில் படுத்திருக்கிற டெரன்ஸின் நீலப் பேட்டரிக்கு, அப்புறம் இவள் கண்ணை மூட எதை மூடுவாள். ரெனிட்டா நாற்காலியை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இழுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, தூக்கித் தூக்கி வைத்தாள், கால் தரையில் உரசினால் பாப்பா எழுந்துவிடும், காலையிலிருந்து அழுது அழுது இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது. படுக்கையறை மேற்குப் பார்த்தது, திருச்சி வெயிலில் மத்தியானத்துக்குமேல் அது அறையில்லை அடுப்பு, அதனால் தூளி ஹாலில். உருப்படியான பிளக் பாயிண்ட் ஹாலில்தான், அதனால் சார்ஜரும் ஹாலில். இந்த இரண்டு அதனாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன, நடுவில் இவள். தூளி அவளுடைய பழைய ஷிஃபான் சேலை, ஃபேன் காற்றில் அதன் தொங்கல் மேசை விளிம்புவரை வந்து வந்து போனது, வந்து வந்து போனது, அதை இழுத்துக் கட்டலாம், கட்டினால் தூளி ஆடும், ஆடினால் விழிக்கும். தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. பொம்மை என்று சொன்னால் டெரன்ஸுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும், கிராலர் என்று சொல்ல வேண்டும், நிஜ ஜீப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது, ரிமோட்டில் போவது, ஓடுவதற்காக அல்ல, பாறைமேல் பல்லி மாதிரி ஊர்ந்து ஏறுவதற்காக. கூரைமேல் கம்பித்தட்டு, அதில் ஒரு குட்டி மண்வெட்டி, குட்டித் தண்ணீர் கேன், ஓட்டுநர் சீட்டில் ஹெல்மெட் போட்ட ஒரு குட்டி மனுஷன். அந்த மனுஷனுக்கு சீட் பெல்ட் உண்டு. இவளுடைய தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நாடா எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தான். தூளிக் கொக்கியின் நட்டு லூசாக இருக்கிறது கொஞ்சம் முடுக்கிவிடுங்கள் என்று பாப்பாவுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து சொல்கிறாள். பிளாஸ்டிக் மனுஷன் விழுந்துவிடக் கூடாது, அதுதானே முக்கியம்.

கையில் போன், போனில் மூன்று சாமான், மூன்றில் ஒன்றை அவன் வருவதற்குள் இவள் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். ஈ.எஸ்.சி. என்பார்கள், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு கரண்ட் போகலாம் இவ்வளவு போகக் கூடாது என்று முடிவு பண்ணுகிற தீப்பெட்டி அளவு டப்பா. "நீதான் கான்வென்ட்டாச்சே, படிச்சு சொல்லு," என்பான், கேலியாகவா பெருமையாகவா என்று கல்யாணமான புதிதில் யோசித்திருக்கிறாள், இப்போது தெரியும், சோம்பேறித்தனமாக. சிஸ்டர்கள் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ், இறுதியில் இதற்குத்தான் உதவியது, சார்ஜர் கூடவே வந்த கையேடும் இணையத்தில் எங்கோ முகம் தெரியாதவர்கள் போட்ட சண்டைகளும் படித்துப் புருஷனுக்குத் தமிழில் சொல்ல. படித்துப் படித்து அவனைவிட இவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது, அது அவனுக்குத் தெரியாது. சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ மோட்டார் பாறையில் சிக்கி முக்கினால் கரண்ட் முழுவதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவருக்குப் போகாது, ஒரு நொடி வண்டிக்கு நினைவு தப்பும், அதற்குத் தனியாக ஒரு சின்னச் சாமான் வைக்க வேண்டும் என்று இவள்தான் சொன்னாள். அதை அவன் மறுநாள் கிராலர் ஓட்டுகிறவர்கள் கிளப்பின் மகுடபதி அண்ணனிடம் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னான், போனில் இவள் காதுபடச் சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த நீலப் பேட்டரி, லிப்போ வகை, அதைப் பற்றி இவள் படித்துச் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, காதிலேயே வாங்கவில்லை. லிப்போவுக்கு ஒரு அடிமட்டம் உண்டு, அதற்குக் கீழே வற்ற விட்டால் உள்ளே கெட்டு உப்பிப்போகும், கெட்டதைத் திரும்பச் சார்ஜ் போட்டால் தீ. அதனால்தான் ஈ.எஸ்.சி.யில் கட்-ஆஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பேட்டரி அந்த மட்டத்துக்கு வந்ததும் வண்டியை அது நிறுத்திவிடும், போதும் வீட்டுக்குப் போ என்று சொல்கிற மாதிரி. போன மாதம் கல்குவாரியில் அப்படித்தான் நின்றது. கடைசிப் பாறை, ஏறி முடிக்க ஒரு சாண்தான் பாக்கி, நின்றுவிட்டது. கிளப்பில் சட்டம் என்னவென்றால் வண்டியைக் கையால் தொடக் கூடாது, தொட்டால் பாயிண்ட் போச்சு, கவிழ்ந்தாலும் சிக்கினாலும் தூரத்தில் நின்று ரிமோட்டிலேயே மீட்க வேண்டும். இவன் நடந்துபோய்ப் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானாம், எல்லாரும் விசில் அடித்தார்களாம். அன்றைக்கு இராத்திரி இவளுடைய புருவம் எடுக்கிற இடுக்கியால், அதைத்தான் எடுத்தான், ஈ.எஸ்.சி.யில் இருந்த குட்டி பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி அடுத்த குழியில் சொருகினான். லிப்போ என்று இருந்ததை நிக்கல் என்று மாற்றிவிட்டான். நிக்கல் வேறு ஜாதிப் பேட்டரி, கனம் அதிகம், ஆனால் சாது, அதற்குக் கட்-ஆஃப் தேவையில்லை. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க ரெனி, கடைசி சொட்டு வரைக்கும் இழுக்கும்." கடைசிச் சொட்டு வரைக்கும். அது என்னவோ உண்மைதான், இந்த வீட்டில் எல்லாவற்றையும் கடைசிச் சொட்டு வரைக்கும்தான் இழுக்கிறார்கள். அப்படி இழுத்து இழுத்துத்தான் பேட்டரி வயிறு உப்பிவிட்டது, அந்தப் பழைய ஈ.எஸ்.சி.யும் புகைந்துவிட்டது, இப்போது புதிசு வேண்டும். முதலாவதில் அதே பிளாஸ்டிக் துண்டு. இரண்டாவதை போன் வழியாகவே எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்றாவதில் கட்-ஆஃபை அணைக்கவே முடியாது, அதற்காகவே எவனோ ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்துத் திட்டித் தீர்த்திருந்தான். டெரன்ஸ் மூன்றாவதை ஏன் லிஸ்டில் வைத்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. படம் அழகாக இருந்திருக்கும்.

பயப்படுகிறவள் என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் காது கேட்காது. பிரசவமாகி வந்ததிலிருந்து பயம்தான், மறைக்கவில்லை, ஃபேன் கழன்று விழும், தூளி அறுந்து விழும், பாப்பா மூச்சு விடுகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள், அந்த விரல்மேல் வருகிற காற்று போதாமல் கன்னத்தைத் தட்டி எழுப்பிவிடுவாள், எழுப்பிவிட்டு அழுவாள். டாக்டரம்மா சிரித்தாள், முதல் பிள்ளைக்கு எல்லாரும் இப்படித்தான்மா, சரியாப் போயிடும். அத்தை சிரிக்கவில்லை, "பயந்த பாலக் குடுக்காதம்மா, பிள்ளைக்கு ஆகாது," என்று பாப்பாவை இவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள், மார்பிலிருந்து சொட்டிய ஈரம் ரவிக்கையில் வட்டமாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள், பயந்த பாலாம், பாலுக்கு எப்படியம்மா தெரியும். டெரன்ஸ் இருக்கிறானே, அவன் நல்லவன், எல்லாரும் சொல்கிறார்கள், கையை ஓங்கமாட்டான், குடிக்கமாட்டான், சிரிக்கத்தான் சிரிப்பான். "இத்தன நாளா சார்ஜ் போடுறேன், ஒண்ணும் ஆகலையே." இந்த ஒண்ணும் ஆகலையே என்ற வார்த்தையைக் கேட்டால் அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் சூடாக எழும்பும், அது இன்று நேற்று வந்த சூடு இல்லை. சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, கான்வென்ட் கோவிலில், வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, கையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி, வரிசையாகப் போகிறார்கள். முன்னால் போனவள் மெர்சி, அவளுடைய முக்காடு காற்றில் பின்னால் பறந்து பறந்து இவளுடைய மெழுகுவர்த்தியைத் தாண்டி அடுத்த வரிசைப் பெண்ணின் மெழுகுவர்த்திக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. நூல் ஒன்று சுருண்டது. இவள் கத்தினாள். கோவிலில் பேசுவதே பாவம், இவள் கத்தினாள், மெர்சி முக்காடு மெர்சி முக்காடு என்று. சிஸ்டர் லூசில்லா ஓடிவந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தார், விளிம்பில் ரொட்டி கருகின மாதிரி கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். பூசை முடிந்ததும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லையே, எதற்குக் கோவிலில் அந்தக் கூச்சல், நற்கருணை முன்னால் முழங்கால் போடு. போட்டாள். மெர்சி வீட்டில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது இவள் சிமெண்டுத் தரையில் முழங்காலில் இருந்தாள், ஒன்றும் ஆகாததற்காக. ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம் யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, மன்னிப்புத்தான் கேட்டாள், அதுவும் இங்கிலீஷில், இலக்கணப் பிழை இல்லாமல்.

தூளியின் தொங்கல் மேசை விளிம்பைத் தொட்டுவிட்டுப் போனது. ஏதோ வாசனை. இனிப்பாக, பழக்கடையில் வெகுநேரம் இருந்த வாழைப்பழமும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் சேர்ந்த மாதிரி. பாப்பாவின் வயிற்றுவலி மருந்து மூடி திறந்திருக்கிறதோ என்று பார்த்தாள், மூடித்தான் இருந்தது. பவுடராக இருக்கும். தன் தோளை முகர்ந்து பார்த்தாள், பால் புளித்த வாடைதான் வந்தது. மேசைக்கு அடியில் அந்தப் பை கண்ணில் பட்டது, தீப்பிடிக்காத பை, பேட்டரியை அதற்குள் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று படித்து, இவளே ஆர்டர் போட்டு வரவழைத்தது, அதற்குள் ஸ்குரூ டிரைவர்கள். ஸ்குரூ டிரைவர் தீப்பிடித்துவிடக் கூடாதாம். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், வரவில்லை, பல்தான் நறநறவென்றது. அப்போது போன் அதிர்ந்தது, சத்தம் போடுவதற்குள் எடுத்துவிட்டாள். "ரெனி, ஸ்கிரீன்ல வோல்ட்டு எவ்ளோ காட்டுது?" பின்னால் டீ ஆற்றுகிற சத்தம், கீழே வரைக்கும் என்று போனவன் கடைவீதிவரைக்கும் போயிருக்கிறான். அவள் எழுந்து மேசைக்குக் குனிந்தாள். தட்டில் பேட்டரி, அதிலிருந்து தடித்த சிவப்புக் கறுப்பு ஒயர்கள் சார்ஜருக்குப் போயிருந்தன, மெல்லிய ஒயர்கள் சேர்ந்த வெள்ளைச் சொருகி மட்டும் எதிலும் சொருகாமல் தட்டுக்கு வெளியே தொங்கியது. அதைச் சொருக மறந்துவிட்டான் போல, அதுதானே உள்ளே ஒவ்வொரு அறையும் எவ்வளவு நிரம்புகிறது என்று சார்ஜருக்குச் சொல்வது. சின்னத் திரையில் எண்ணைப் படிக்கப் போனவள் எண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்தைப் படித்தாள். நிக்கல் என்று இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, வெட்கக்கேடு, நினைத்தால் இப்போதும் வெட்கம், கண்கூடக் கரித்தது. நிக்கல் பேட்டரி வாங்கிவிட்டான், அதே நீல உறை, நிக்கலுக்கு இல்லாத அந்த வெள்ளைச் சொருகி, எதுவும் அவள் கண்ணில் நிற்கவில்லை. கேட்டுத்தான் இருக்கிறான், சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிவைத்திருக்கிறான், வண்டி கனமானாலும் பரவாயில்லை என்று, பிள்ளை தூங்குகிற ஹால் என்று. "நிக்கல் பேட்டரி வாங்கிட்டீங்களா?" என்றாள், குரல் அவளுக்கே கேட்காத மாதிரி மெத்தென்று வந்தது. "எது? இல்ல இல்ல," டெரன்ஸ் சிரித்தான், "அது பழைய லிப்போதான்டி. ரொம்ப வத்திருச்சா, லிப்போ மோடுல சார்ஜர் எடுக்கவே மாட்டேங்குது, எர்ரர் எர்ரர்ங்குது. அதான் நிக்கல்னு சொல்லி ஏமாத்திப் போட்ருக்கேன். ஒரு டெக்னிக். அண்ணன் சொல்லிக்குடுத்தாரு." பக்கத்தில் மகுடபதி அண்ணனின் குரல், வாயில் வடையோடு, "தங்கச்சிட்ட சொல்லு தம்பி, செத்தவனுக்கு நெஞ்சுல ஷாக் குடுக்குறாங்கல்ல ஆஸ்பத்திரில, அந்த மாதிரிதான்னு. எந்திரிச்சு உக்காந்துருவான்." இரண்டு பேரும் சிரித்தார்கள். "நீ ஒண்ணும் தொடாத. வோல்ட்டு மட்டும் சொல்லு." அவள் எண்ணைச் சொன்னாள். "அட, ஏறிருச்சே! இன்னும் கொஞ்சம் ஏறட்டும், வந்து நானே மாத்திக்கிறேன். அந்த மூணுல எதுன்னு பாத்துட்டியா?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். கான்வென்ட் பெண். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பாள்.

ஏமாத்திப் போட்ருக்கேன். யாரை. சார்ஜர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, அதற்கு எழுதிவைத்த மூளை இருக்கிறது, அது பயந்தாங்கொள்ளி இல்லை, அதற்குப் பிரசவம் ஆகவில்லை, அதற்கு யாரும் பால் பயந்துபோச்சு என்று சொல்ல முடியாது, அதுவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நிக்கல் பேட்டரி நிரம்பியதும் வோல்ட் ஒரு பொட்டு இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும், லிப்போ அப்படி இறங்காது, ஏறிக்கொண்டே போகும், சார்ஜர் இறங்கும் இறங்கும் என்று பார்த்துக்கொண்டு ஊட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கிறுக்கு வேலையைச் செய்கிறவன்கூடப் பக்கத்தில் நின்று ஓரிரு நிமிஷம்தான் செய்வான் என்று அந்தச் சண்டைகளில் படித்திருக்கிறாள், செய்கிறவன் கைப்பிள்ளை இல்லாத வீட்டில் செய்வான் என்று எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டும் என்று எவனுக்கும் தோன்றியிருக்காது. அந்த இனிப்பு வாசனை. இப்போது தெரிந்தது எங்கிருந்து என்று. பேட்டரியின் நீல உறை முன்பைவிட ஒரு பக்கம் பளபளவென்று இழுபட்டு, பூரி உப்பும்போது ஒரு ஓரம் முதலில் எழும்புமே அந்த மாதிரி எழும்பியிருந்தது. தொடாதே. சுவரில் சுவிட்சை அணைத்தாள், சார்ஜரின் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினால் அது நீளமாகக் கூவும், பாப்பா எழுந்துவிடும், இந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தாள், எழுந்தால்தான் என்ன. திரை இருண்டது. அணைத்தாயிற்று, போதுமா, போதாது, உள்ளே போனது போனதுதான், அணைத்த பிறகும் வெடிக்கும், வெகுநேரம் கழித்தும் வெடிக்கும். மேசையில் வைக்கக் கூடாது. பாப்பாவை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவதா, இதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவதா. பாப்பாவைத் தூக்க வேண்டுமென்றால் மேசைக்கு இந்தப் பக்கமாகத் தூளியைப் பிரிக்க வேண்டும், முகத்துக்கு நேரே பேட்டரி. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனால் பாப்பா தனியாக, கதவு காற்றில் அடித்து சாத்திக்கொண்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி அவனிடம். இரண்டையும் சேர்த்துத் தூக்கினால். தலைக்குள் அந்த மூன்றும் குழாயடிப் பெண்கள் மாதிரி ஒன்றையொன்று தள்ளின, கால் நகரவில்லை, தரை ஒட்டிக்கொண்டது, காவல் தூதரே காவல் தூதரே என்று உதடு மட்டும் பழக்கத்தில் அசைந்தது, அவர் எங்கே போயிருப்பார், அவரும் ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அந்தக் கோபம்தான் காலைப் பெயர்த்தது. தடித்த ஒயர்களின் மஞ்சள் இணைப்பைப் பிடுங்கினாள், இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, விரலில் பட்ட உறை காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி சுட்டது. தொட்டாள், ஆமாம், தொட்டுவிட்டாள். பாட்டாச் செருப்பை எடுத்து நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அடைத்து வைத்தாள். தட்டோடு தூக்கினாள்.

மேலே மொட்டைமாடிதான், இவர்களுடையது கடைசி மாடி. பாராபெட் சுவர் பூச வந்தவர்கள் விட்டுப்போன மணல் குவியல் அங்கே இருக்கிறது, அது தினமும் துணி காயப்போடும்போது காலில் அப்பிக்கொண்டு வந்து வீடெல்லாம் நறநறக்கும், சனியனே என்று திட்டியிருக்கிறாள். கையை நீட்டி, உடம்புக்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினாள், காணிக்கைப் பவனியில் இப்படித்தான் அப்பமும் இரசமும் ஏந்திக்கொண்டு போக வேண்டும், முதுகு நேராக, பார்வை பீடத்தின்மேல், சிந்தக் கூடாது, அவளைத்தான் எப்போதும் அனுப்புவார்கள், சிந்தமாட்டாள் என்று. பின்னால் கீழே பாப்பா அழுகிறதா. இல்லை, அது மூன்றாம் வீட்டு மிக்ஸி. அழுகிறதா. தட்டில் பேட்டரி மெல்ல ஒரு தடவை டிக்கென்றது, அல்லது தட்டு சத்தம் போட்டதா, வாசனை வாய்க்குள்ளேயே வந்துவிட்டது, இனிப்பாக, மிட்டாய் மாதிரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி, சீ. மாடிக் கதவை முதுகால் தள்ளினாள். வெயில் முகத்தில் அறைந்தது. மணலில் கையால் குழி பறிக்க நேரமில்லை, தட்டைக் கவிழ்த்தாள், மேலிருந்து மணலை இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள், காலால் தள்ளினாள், நகத்துக்குள் ஏறியது, ரவிக்கைக்குள் ஏறியது, நீலம் மறையும்வரை போட்டு, மறைந்த பிறகும் போட்டாள், குட்டிக் கல்லறை மாதிரி எழுந்துவிட்டது. ஓடினாள். படியில் ஒரு தடவை முழங்கால் இடித்தது. செருப்பு கதவிடுக்கில் அப்படியே இருந்தது. தூளி அப்படியே இருந்தது. சேலையைப் பிரித்துப் பார்த்தாள், வாயில் பால் குமிழோடு தூங்குகிறது, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவைத்துக்கொண்டு, சரணடைந்த மாதிரி. மூக்குக்குக் கீழே விரலை வைக்கப் போனவள் விரலில் மணலைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அப்படியே அள்ளி எடுத்தாள், விழித்தால் விழிக்கட்டும், விழித்துக்கொண்டு ஓவென்று அழுதது, அழட்டும், இந்த வீட்டில் அது ஒன்றுதான் நியாயமாகச் சத்தம் போடுகிறது.

மேட்டின்மேல் ஒரு கண் வைக்க மறுபடி மேலேறி, மாடிக் கதவின் நிழலில், படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். மணல் மேடு சும்மா இருந்தது. புகையில்லை, சத்தமில்லை, ஒரு காக்கா வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது. இதுதான் நடக்கும் என்று தெரியும். அவன் வருவான், பார்ப்பான், ஒண்ணும் ஆகலையே என்பான், நல்ல பேட்டரிய மண்ணுக்குள்ள போட்டு நாசம் பண்ணிட்டியே என்பான், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான், எங்க வீட்ல பேட்டரிக்கு அடக்கம் நடந்துச்சுண்ணே. வெடிக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள், இப்போது, இங்கே, யாருக்கும் ஒன்றும் ஆகாமல், மேட்டைப் பிளந்துகொண்டு எழும்பட்டும், அவன் பார்க்கட்டும். வேண்டிக்கொண்டதை உணர்ந்து திடுக்கிட்டாள். இவளுக்குச் சாட்சி சொல்ல ஒரு தீ வேண்டியிருக்கிறது. எரிந்தால்தான் இவள் சொன்னது உண்மை, எரியாவிட்டால் இவள் பைத்தியம், எரிந்தபின் உண்மையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது, அதைத் தூளியில் போட்டு ஆட்டவா. பாப்பா இழுத்து இழுத்துக் குடித்தது. பயந்த பால் இல்லை இது, குடி, நல்லாக் குடி, கோபத்தில் ஊறின பால், எலும்புக்கு நல்லது.

"ரெனி! எங்கடி இருக்க, கதவுல செருப்பு கெடக்கு?" கீழே டெரன்ஸ், பிறகு படியில் தடதடவென்று. கையில் எண்ணெய் ஊறின பொட்டலம், இவளுக்கென்று பப்ஸ், அதையும் மறக்கமாட்டான், நல்லவன். அவளைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், நடுவில் விளிம்பு மட்டும் தெரிந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தான். முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அடிப்பாவி, பொதச்சே புட்டியா? தொடாதன்னு சொன்னேன்ல?" அவள் பாப்பாவின் தலையை முந்தானையால் மூடினாள். "வோல்ட்டு நல்லா ஏறிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் விட்ருந்தா லிப்போ மோடுக்கு மாத்திருப்பேன். அண்ணன்ட்ட என்னன்னு சொல்லுவேன் நான்? எங்க வீட்ல பேட்டரிக்கு அடக்கம்னா?" மேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஒண்ணும் ஆகலையே, பாரு. சும்மாதான இருக்கு. நீ தேவையில்லாம..." கையை மணலுக்கு நீட்டினான்.

"எடுங்க," என்றாள் ரெனிட்டா. குரல் உயரவில்லை, பாப்பா குடித்துக்கொண்டிருந்தது. "எடுத்துக் கீழ கொண்டுபோங்க. அதே தட்டு, அதே மேச. நிக்கல்னே போடுங்க. போட்டுட்டு அந்தத் தூளி இருக்குல்ல, அதுக்குக் கீழ பாய விரிச்சு நீங்க படுத்துக்குங்க, மேசப் பக்கமா தலைய வச்சு. நான் கீழ வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன். சும்மா ஒரு கண்ணு வச்சுக்குங்க."

"என்ன பேச்சு பேசுற நீ."

"தொடுங்க. இங்க தொட்டா பாயிண்ட் போகாது."

அவன் கை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. காற்று இவர்கள் பக்கமாகத் திரும்பியது, மணலுக்கடியிலிருந்து அந்த இனிப்பு வாசனை மெலிசாக வந்தது, அவன் மூக்கு ஒரு தடவை சுருங்கியதை அவள் பார்த்தாள். விரல்கள் மெல்ல மடங்கின. கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான், மணலே படாத கையை. குத்துக்காலிட்டபடியே ஓரடி, இன்னோரடி பின்னால் நகர்ந்தான். தெரிந்திருக்கிறது. இவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது, அந்த வாசனை என்ன என்றும், அதன் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கக் கூடாது என்றும். பயம் இல்லாதவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பயம் இருக்கிறது, அதைச் சுமக்கிற வேலையைத்தான் இவளிடம் ஒப்படைத்துவிட்டு, பாரம் இறங்கின தோளோடு கீழே வரைக்கும் போய்வந்திருக்கிறான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தோள்கள் மட்டும், யாரோ எதையோ இறக்கிவைத்த மாதிரி, தாமாகக் கீழே வந்தன.

"இது எப்ப வரைக்கும் இங்கயே..." என்றான், மணலைப் பார்த்துக்கொண்டு.

"நாளைக்கு வரைக்கும். நீங்கதான் பாத்துக்கணும். யாரும் மாடிக்கு வராம."

தலையாட்டினான். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். அவள் பாப்பாவை மறு பக்கம் மாற்றிக்கொண்டு, மணல் ஒட்டின கட்டைவிரலால் போனைத் திறந்தாள். மூன்றும் அப்படியே இருந்தன. "மூணுல எதுன்னு கேட்டீங்கல்ல."

"அது கெடக்கட்டும் விடு, இப்ப எதுக்கு."

"மூணாவது. கட்-ஆஃப அதுல யாராலயும் மாத்த முடியாது." அழுத்தினாள். ஆர்டர் போனது.

"அதுல எப்படிடி... வண்டி பாறை நடுவுல நின்னுருமே."

"நிக்கட்டும்," என்றாள். "நடந்துபோய்க் கையால தூக்கிட்டு வாங்க."